மேருநாடு நான்கு மீட்டர் உயர்ந்த கதை

மேருநாடு என்று ஒரு நாடு இருந்தது. பெயரில்தான் மேரு. நாட்டில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு குன்றுகூடக் கிடையாது. கிழக்கே கடலில் தொடங்கி மேற்கு எல்லை வரை தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடந்த பூமி அது. நடுவே நெளியாறு ஓடியது. ஆறு மணலைக் கொண்டுவந்து போட்டது. கரையில் மக்கள் நெல் போட்டார்கள், வாழை போட்டார்கள், சில வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டார்கள். மற்றபடி சொல்லும்படியாக அங்கே எதுவும் நடந்ததில்லை.

அந்த நாட்டுக்கு ஒரு குறை இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் மகோன்னதர். அது அவருடைய இயற்பெயர் அல்ல. இயற்பெயரைச் சொல்வது குற்றம் என்று பின்னால் ஆனதால் அது யாருக்கும் நினைவில்லை. ஒரு தேர்தல் மேடையில் அவர் கேட்டார்: "அண்டை நாடுகளுக்கெல்லாம் மலை இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இல்லை?" மக்கள் யோசித்துப் பார்த்தார்கள். தங்களுக்கு இப்படி ஒரு குறை இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு தாங்க முடியவில்லை. மகோன்னதர் பெருவாரியாக வென்றார்.

வென்றதும் தலைநகரில் மலை கட்டும் வேலை ஆரம்பித்தது. மலைக்கு மண் வேண்டும். நாட்டில் சும்மா கிடந்த மண், நெளியாற்று மணல் ஒன்றுதான். பதினோரு வருடம் லாரிகள் இரவு பகலாக ஓடின. மகாமேரு எழுந்தது. அதன் உச்சியில் மகோன்னதருக்கு வீடு எழுந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற குடிமக்களுக்குக் கழுத்து வலித்தாலும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் இது மகோன்னதரின் கதை அல்ல. நாட்டின் மேடு பள்ளத்தைப் படம் வரையும் நிலவுருத் துறையில் வேலை பார்த்த வடிவு என்கிற பெண்ணுடைய கதை.

வடிவுக்கு நாற்பத்து மூன்று வயது. துறையில் அவளுக்குப் பெயர் 'களச் சரிபார்ப்பாளர்'. மாவட்டத் தலைமையிடத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். பிறந்த ஊர் ஆற்றங்கரையிலிருந்த தாழைப்பள்ளம். அங்கே அவளுடைய அண்ணன் மாசானமும் அவன் மனைவி பிரமுவும் இருந்தார்கள். மாசானம் வாழை பயிர் செய்தான். ஒரு படகும் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவு அங்கே போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவாள். அவளுடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது. அவளும் வேறு கேட்கவில்லை.

அந்த வருடம் துறைக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. விமானம் ஒன்று மேலே பறந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சி, முழத்துக்கு ஒரு புள்ளி வீதம் நாட்டின் மேடு பள்ளத்தை எல்லாம் அளந்து கொண்டுவந்து கொடுக்கும். அந்தக் கோடிக்கணக்கான எண்களை இயந்திரத்துக்குள் போட்டால், மனிதக் கை படாமல் அதுவே ஆற்றின் உறுப்புகளைப் பிரித்து வண்ணம் பூசிவிடும். ஆற்றின் படுகைக்கு நீலம். மணல்திட்டுக்கு மஞ்சள். வெள்ளம் பாயும் தாழ்நிலத்துக்குப் பச்சை. ஆறு என்றைக்கோ விட்டு இறங்கிப்போன, இனி வெள்ளம் ஏறமுடியாத உயர்ந்த கரைக்குப் பெயர் படிமேடு, அதற்குச் சிவப்பு. எது எந்த வண்ணம் என்பதை, ஆற்றின் அடிமட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்று பார்த்து இயந்திரம் முடிவு செய்யும். முன்னே முப்பது பேர் மூன்று வருடம் நடந்து நடந்து வரைந்த படத்தை அது ஒரு காலைப்பொழுதில் வரைந்து முடித்தது. வடிவுக்கு அதைப் பிடித்திருந்தது. நல்ல இயந்திரம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள்.

படம் சரியா என்று சில இடங்களில் நேரில் போய் அளந்து பார்ப்பது அவளுடைய வேலை. நூற்றுப் பதினெட்டாவது புள்ளி தாழைப்பள்ளத்தில் விழுந்தது. அளவுக்கோலைப் பிடித்துக்கொள்ள அண்ணனையே கூப்பிட்டாள்.

"ஏட்டி வடிவு, மேல இருந்து அவ்ளோ பெரிய மெசினு பாத்துச் சொல்லியாச்சு. அதுக்கு மேல நீ என்னத்தப் பாக்கப் போற?"

"அது சொன்னது சரியான்னு பாக்கத்தாண்ணே எனக்குச் சம்பளம். கோல ஆட்டாமப் பிடி."

ஆற்றின் அடியிலிருந்து ஊர் ஏழு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. இயந்திரமும் ஏழு மீட்டர் பத்து என்றுதான் சொல்லியிருந்தது. ஒரு விரற்கடை பிசகவில்லை. ஆனால் வடிவின் பையில் பதினோரு வருடத்துக்கு முந்தைய அளவுப் புத்தகமும் இருந்தது. அதில் அதே இடம் மூன்று மீட்டர் சொச்சம் என்றும், வெள்ளம் பாயும் தாழ்நிலம் என்றும் இருந்தது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள். குனிந்து ஆற்றைப் பார்த்தாள். சிறுவயதில் இரண்டு எட்டில் இறங்கித் தண்ணீர் மொண்ட கரை, இப்போது சுவர் போலச் செங்குத்தாக நின்றது. கீழே எங்கோ பள்ளத்தில் தண்ணீர் கிடந்தது. படிவத்தில் இதைச் சொல்ல இடம் இல்லை. 'எண் பொருந்துகிறதா?' என்று ஒரு கேள்விதான் இருந்தது. எண் பொருந்தியது. 'பொருந்துகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, அலுவலகத்தில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது தொலைக்காட்சியில் மகோன்னதர் தோன்றினார். பின்னால் நாட்டின் படம். நெளியாற்றின் இரு கரையும் சிவப்பாக ஜொலித்தன.

"என் குடிமக்களே! மலை இல்லாத நாடு என்று நம்மை ஏளனம் செய்தார்கள். இன்று விஞ்ஞானம் விடை சொல்லியிருக்கிறது. நமது ஆட்சியின் பதினோரு ஆண்டுகளில், நெளியாற்றங்கரையின் இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்கள் நான்கு மீட்டர் உயர்ந்துவிட்டன! இது மனிதன் சொன்னதல்ல, இயந்திரம் சொன்னது. மனிதரும் சரிபார்த்துவிட்டார்கள்."

திரையில் ஒரு படிவம் பெரிதாகத் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டாவது புள்ளி. அடியில் வடிவின் கையெழுத்து.

வடிவு கையில் பிசைந்த சோற்றை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருத்தி வந்து அவள் தோளைத் தட்டி, "ஒங்க ஊரு பேரு டிவியில வந்துட்டே!" என்றாள். 

கை கழுவிவிட்டு நேரே இயக்குநர் ஞானதிரவியத்தின் அறைக்குப் போனாள்.

"ஐயா, ஊரு ஏறல. ஆறுதான் எறங்கியிருக்கு. மணல அள்ளி அள்ளி அடிமட்டம் நாலு மீட்டர் கீழ போயிருச்சு. மெசினு ஆத்துலேருந்து அளக்குது. அதான் ஒசந்த மாதிரி காட்டுது."

ஞானதிரவியம் நல்லவர். படித்தவர். ஆற்றியலில் பட்டம் வாங்கியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வடிவு, நீங்க போட்ட எண் தப்பா?"

"எண் சரிதான் ஐயா."

"மெஷின் சொன்ன எண் தப்பா?"

"அதுவும் சரிதான்."

"பிறகு எதைத் திருத்தச் சொல்றீங்க?"

அதற்கு வடிவிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு ஆணைகள் வந்தன. முதல் ஆணை, ஊர்ப்பெயர்களில் பள்ளம், குழி, மடு, தாழ் என்று வரும் சொற்களை நீக்கியது. தாழைப்பள்ளம் சிகரபுரி ஆனது. கல்வெட்டு திறக்க வந்த நிலவுருத் துறை அமைச்சர் பொற்பாதம், மேடைக்கு ஏறும் மூன்று படியில் மூச்சு வாங்கி நின்று, "காற்று எவ்வளவு அடர்த்தி குறைவாக இருக்கிறது பார்த்தீர்களா! உயரம், உயரம்!" என்றார். கூட வந்தவர்களும் மூச்சு வாங்கினார்கள்.

இரண்டாவது ஆணை, உயர்ந்த நாட்டுக்கு வெள்ளத் தடுப்புத் துறை எதற்கு என்று அதைக் கலைத்தது. கரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாட்கள் மகாமேருவில் புல் வெட்டப் போனார்கள்.

மூன்றாவது ஆணை பேச்சைப் பற்றியது. ஆறு இறங்கியதால் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றியிருந்தன. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, மூன்று மைல் தள்ளியிருந்த பெரிய கண்மாய்க்கு நடந்தார்கள். ஒருநாள் பிரமு வழியில் நின்ற அதிகாரியிடம், "கெணத்துல தண்ணி ரொம்பக் கீழ போயிட்டுய்யா" என்று சொன்னாள். அவர் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் ஓலை வந்தது. தண்ணீர் கீழே போனது என்று சொல்வது நாட்டை இழிவுபடுத்துவது. 'நாங்கள் தண்ணீரைவிட மேலே வந்துவிட்டோம்' என்று சொல்வதே முறை. முதல் தடவை என்பதால் எச்சரிக்கையுடன் விடப்படுகிறாள்.

"மேல வந்துட்டோம், மேல வந்துட்டோம்னு சொல்லிக்கிட்டே கொடத்தச் சொமக்கேன் வடிவு. கொடம் லேசாகக் காணோம்" என்றாள் பிரமு.

நான்காவது ஆணை படகுகளைப் பற்றியது. படகு என்பது வெள்ளத்தை எதிர்பார்ப்பது. வெள்ளத்தை எதிர்பார்ப்பது அரசை நம்பாதது. சிகரபுரிக்கு ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாசானத்தின் படகு வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது.

"மலையுச்சியில் வாழும் குடிமகனுக்குப் படகு எதற்கு?" என்று கேட்டார் வந்த அதிகாரி. "உமக்கு அரசின் மீது நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்குய்யா" என்றான் மாசானம். "அதோட படகும் இருந்துட்டுப் போட்டும்."

அன்று ஊரிலிருந்து பதினேழு படகுகள் போயின.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வடிவு வந்தபோது மீன்குழம்பு இல்லை. மாசானம் அவளை வாழைத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். கரையிலிருந்து நாற்பது அடி உள்ளே தள்ளி, நிலத்தில் ஒரு கோடு ஓடியது. கோழி கிளறியது போல மெல்லிய கோடுதான். குனிந்து பார்த்தால் வெடிப்பு.

"போன மாசம் வெரல் போச்சு. இப்ப பாரு, முழங்கை வரைக்கும் போகுது" என்று கையை விட்டுக் காட்டினான்.

வடிவு கரையோரம் போய்க் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். கரையின் அடியில் மணலைத் தோண்டித் தோண்டி உள்ளே குடைந்திருந்தார்கள். ஊர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் பயந்தது வெள்ளம் ஏறி வருமே என்றுதான். தண்ணீர் மேலே வரவே தேவையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.  அண்ணன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டுத் தலைநகருக்குப் போனாள். அமைச்சர் பொற்பாதத்தைப் பார்க்க நான்கு நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் உள்ளே விட்டார்கள். ஞானதிரவியமும் வரவழைக்கப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

வடிவு இரண்டு பட்டியல்களை மேசைமேல் விரித்தாள். "ஐயா, இது ஆத்துலேருந்து அளந்த கணக்கு. பழசு மூணு, புதுசு ஏழு. இது கடல் மட்டத்துலேருந்து அளந்தது. அன்னைக்கும் பதினொண்ணு, இன்னைக்கும் பதினொண்ணு. ஊரு ஒரு அங்குலம்கூட ஏறலை. கரை வெடிச்சிருக்கு. சனங்கள இப்பவே வெளியேத்தணும்."

அமைச்சர் இரண்டாவது பட்டியலை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று வடிவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"கடல் யாருடையது, அம்மணி?"

"ஐயா?"

"கடற்கரை நம்முடையது. கடல்? அதில் எத்தனை நாட்டுக் கப்பல்கள் போகின்றன! எத்தனை அந்நியத் துறைமுகங்களில் அது போய் அலை அடிக்கிறது! நம் நாட்டின் உயரத்தை அந்நியர் கால் நனைக்கும் நீரிலிருந்து அளப்பதா? ஞானதிரவியம், இது எத்தனை காலமாக நடக்கிறது?"

"வெகு காலமாக, ஐயா" என்றார் ஞானதிரவியம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்றோடு நிறுத்துங்கள். இனி மேருநாட்டில் கடல் மட்டம் கிடையாது."

"ஐயா, கரை வெடிச்சிருக்கு" என்றாள் வடிவு.  "கைய விட்டுப் பாத்தேன். எங்கண்ணன் வீடு இருக்கு அங்க. எம்பத்தாறு வீடு இருக்கு."

"வளரும் குழந்தைக்குத் தோல் வெடிப்பதில்லையா? வளரும் ஊருக்கும் அப்படித்தான்." அமைச்சர் மணியை அடித்தார். "மேலும், மக்கள் அங்கிருந்து கிளம்பினால் உலகம் என்ன நினைக்கும்? உயரத்தைக் கைவிட்டு ஓடுவதை நான் அனுமதிக்க முடியாது."

ஐந்தாவது ஆணை அன்று மாலையே அப்படித்தான் பிறந்தது. படிமேடு என்று குறிக்கப்பட்ட ஊரை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறுவது 'உயரத்தைக் கைவிடுதல்' என்னும் குற்றமாயிற்று. ஊர்ச் சாலைகளில் தடுப்புப் போட்டு போலீஸ் நின்றது. தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்களை மட்டும் எண்ணி வெளியே விட்டு, எண்ணி உள்ளே எடுத்தார்கள்.

வடிவு ஆணையைக் கேட்டுவிட்டு, ஊர் திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தாள். அவள் சரிசெய்ய நினைத்து அமைச்சரிடம் போய் முறையிட்டாள். அந்த முறையீடு ஊரின் வாசலை அடைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேற்கே அணை நிரம்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மதகுகளைத் திறந்தார்கள். எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி வந்தது: 'நீங்கள் ஏழு மீட்டர் உயரத்தில் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வீட்டிலேயே இருங்கள். வாழ்க மகோன்னதர்.'

வடிவு அலுவலகத்திலிருந்து அப்படியே ஓடிப்போய்ப் பேருந்து பிடித்தாள். ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தாள். பாலத்தின் நடுவில் நின்றால் தாழைப்பள்ளம் நன்றாகத் தெரியும். மதியம் இரண்டு மணி. மழை விட்டு வெயில் அடித்தது. ஆறு கரைக்குள்ளேயே, ஆனால் வெறி பிடித்தது போல ஓடியது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எண்ணே, எங்க இருக்க? கரைய விட்டு வெளிய வாண்ணே!"

"வெளிய எங்க வர? ரோட்டுல போலீசு நிக்கான். நாங்க நாப்பது பேருக்கு மேல போயி சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம். மேல கேட்டுச் சொல்லுதேங்கான்."

"மதினி?"

"தண்ணிக்குப் போயிருக்கா. பொம்பளையள்லாம் கண்மாய்க்குப் போயிருக்காவ. அது ஒரு நல்லது." அவன் யாரையோ பார்த்துக் கத்தினான். பிறகு குரல் கிட்டத்தில் வந்தது. "ஏட்டி, எதுக்க வீட்டு ஆச்சி நடக்க மாட்டாம உள்ளயே கெடக்கு. தூக்கிட்டு வந்துருதேன். வச்சிரு. வந்து பேசுதேன்."

"போகாதண்ணே. எண்ணே—"

அவன் வைத்துவிட்டான்.

வடிவு பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. முதலில் வாழைகள் தலையசைத்தன. பிறகு வாழைத்தோட்டம் முழுவதும், வரிசை கலையாமல், நின்ற வாக்கிலேயே கீழே போனது. அதன் பின்னால் வேப்பமரம். அதன் பின்னால் வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. வெள்ளம் ஊருக்குள் ஏறவில்லை. ஊர் வெள்ளத்துக்குள் இறங்கியது. மண் புகை எழுந்தது. அது அடங்கியபோது, ஊர் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மிதந்த தலைகளை வடிவால் எண்ண முடிந்தது. அவர்களை எடுக்க ஒரு படகு இல்லை.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், "என்னம்மா இது, என்னம்மா இது" என்று அவளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். "நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாற்பத்தொரு பேர் போனார்கள். அதில் பன்னிரண்டு பேரின் உடல்கள் கடல்வரை தேடியதில் கிடைத்தன. மாசானம் கிடைக்கவில்லை. பிரமு நிரம்பிய குடத்தோடு திரும்பி வந்து, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றாள். அன்று சாயங்காலம்வரை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இறக்கி வைக்க வீடு இல்லை.

தலைநகரில் அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு நாள் ஆலோசித்து அமைச்சர் பொற்பாதம் அறிக்கை வாசித்தார். "ஏழு மீட்டர் உயரத்தில் இருப்பவர் நீரில் மூழ்குவது விஞ்ஞானத்துக்கு முரணானது. ஆகவே சிகரபுரியில் யாரும் மூழ்கவில்லை. இருப்பினும் மக்களின் மனநிறைவுக்காக இயந்திரத்தை மறுபடியும் இயக்கினோம். புதிய படத்தின்படி, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடம் ஆற்றுப் படுகை. படுகையில் யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை."

கிடைத்த பன்னிரண்டு உடல்களும் அண்டை நாட்டிலிருந்து மிதந்து வந்தவை என்று எழுதப்பட்டு, கடற்கரையிலேயே புதைக்கப்பட்டன.

புதிய படத்தைச் சரிபார்க்கும் படிவம் வடிவின் மேசைக்கு வந்தது. நூற்றுப் பதினெட்டாவது புள்ளி: நீலம். எண் பொருந்துகிறதா? பொருந்தியது. அங்கே இப்போது ஆறுதானே ஓடுகிறது. வடிவு அந்தக் கேள்விக்கு விடை எழுதவில்லை. படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நாற்பத்தொரு பெயர்களை எழுதினாள். பெயர், வயது, வீடு எங்கே இருந்தது. அண்ணன் பெயரை முதலில் எழுதினாள். எதிர்வீட்டு ஆச்சியின் பெயர் தெரியாமல் பிரமுவிடம் கேட்டு எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டு ஞானதிரவியத்திடம் கொடுத்தாள்.

அவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். கண் கலங்கியது. "பின்பக்கத்தில் எழுதியதை ஏற்க விதியில் இடம் இல்லை, வடிவு" என்றார்.

அன்றே அவளுக்கு வேலை போனது. களச் சரிபார்ப்பு என்ற பிரிவே இனி வேண்டாம் என்று முடிவாகியது. படத்தைப் படமே சரிபார்த்துக்கொள்ளும்.

ஊரில் மிஞ்சியவர்கள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். வடிவும் அங்கே போய்ப் பிரமுவோடு இருந்தாள். மாசானத்தின் இறப்புச் சான்றிதழ் வாங்க, பிரமுவையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். எங்கேயும் ஒரே பதில்தான். மாசானம் இறக்கவில்லை, பதிவேட்டில் அவர் 'வெளியூர் சென்றவர்'. இதை ஐந்தாறு இடத்தில் ஐந்தாறு பேர் சொல்லக் கேட்டுவிட்டுப் பிரமு ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "வடிவு, ஒடம்பு கெடைக்கலயே. நீச்சல் தெரிஞ்ச மனுசன். ஒருவேள எங்கயாச்சும் கரையேறி, அடிபட்டு, ஞாவகம் இல்லாம... அவ்ளோ பெரிய ஆபீசருமாருல்லாம் சும்மாவா சொல்லுதாவ?"

 ஊர் கீழே போனதைப் பாலத்திலிருந்து பார்த்தவள் வடிவு. பிரமு பார்க்கவில்லை.

சித்திரையில் தேர்தல் வந்தது. 'உயர்ந்தோம், இன்னும் உயர்வோம்' என்று மகோன்னதர் நாடெங்கும் பேசினார். இந்தத் தடவை ஆற்றங்கரைத் தொகுதியில் கடுமையான போட்டி என்றார்கள். மக்கள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வாக்குச்சாவடி அதே பள்ளிக்கூடத்தில். மிஞ்சியவர்கள் எல்லோரும் குளித்துவிட்டு வரிசையில் போய் நின்றார்கள். வடிவும் பிரமுவும் பத்தரை மணிக்கு உள்ளே போனார்கள்.

பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வேற்றூர் வாத்தியார் ஒருவர். காலையில் ஒரு மணி நேரம் மின்சாரம் போயிருந்ததாகவும், கதவைச் சாத்தி வைத்திருந்ததாகவும் வெளியே பேசிக்கொண்டார்கள். அவர் பிரமுவின் சீட்டை வாங்கி, பட்டியலில் விரலை ஓட்டி, இயல்பாகச் சொன்னார்:

"பிரமு, கணவர் பெயர் மாசானம். ஆமா, அவர் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரே. விரலை நீட்டுங்க."

பிரமு விரலை நீட்டவில்லை.

"யாரு?"

"மாசானம். இந்தா, டிக் போட்டிருக்கே."

வடிவு எட்டிப் பட்டியலைப் பார்த்தாள். அண்ணன் பெயருக்கு நேரே டிக். அதற்கு மேலே இரண்டு பெயர் தள்ளி எதிர்வீட்டு ஆச்சி, அதற்கும் டிக். பக்கத்தைத் திருப்பினாள். வாத்தியார் தடுக்கவில்லை. அவள் கையால் எழுதிக் கொடுத்த பெயர்கள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. நாற்பத்தொரு பேரும் வந்து போயிருந்தார்கள். வடிவு நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். "சார், எங்கண்ணன நீங்க பாத்தீயளா?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. பேனாவை மூடினார். திறந்தார். 

அதற்குள் பிரமு அங்கே இல்லை.

அவள் வெளியே ஓடியிருந்தாள். வடிவு போய்ப் பார்த்தபோது, பிரமு வரிசையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வடிவு ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"மதினி, உள்ள வாங்க. வாங்க மதினி."

"விடுட்டி" என்றாள் பிரமு. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வடிவு அந்த ஆறு மாதத்தில் பார்த்ததில்லை. "காலையிலதான வந்திருக்காவ. ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாவ. நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கேன்."

மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டன. ஆற்றங்கரைத் தொகுதியில் மகோன்னதரின் கட்சி முப்பத்தெட்டு வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றது.